வெளுத்த பிஸ்டன்

பிரிபோவிடம் நான் சொன்னது பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அவன் என் தங்கை மரேவாவின் கணவன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தன் படகின் எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றி என் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். எங்கள் தீவில் படகு எஞ்சின் பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

“மச்சான், ரெண்டு நாளா இருமிக்கிட்டே கெடக்கு. வேகம் எடுக்க மாட்டேங்குது. வெளிக்கடல்ல சூரை வந்திருக்கு, நாளைக்கு நான் போயே ஆகணும்.”

“நீ குடிக்கிற கள்ளுல பாதியாவது அதுக்கு ஆயிலா ஊத்துனியாடா?”

“ஆயில் ஊத்துறது உங்க தங்கச்சி. அவளையே கேளுங்க, தைரியம் இருந்தா.”

சிரித்தோம். எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓடவிட்டேன். மேல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றினேன். எஞ்சின் செத்துப்போகப் பார்த்தது. அதை மாட்டிவிட்டுக் கீழ் ஒயரைக் கழற்றினேன். சத்தம் மாறவே இல்லை. கீழ் சிலிண்டர் வேலை செய்யாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

நிறுத்திவிட்டு இரண்டு பிளக்குகளையும் எடுத்தேன். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே பிஸ்டன் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. கீழே, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெளுப்பு.

பிரிபோவும் எட்டிப் பார்த்தான். “மேலதான் அழுக்கு. கீழ பளபளன்னு நல்லாத்தானே இருக்கு மச்சான்?”

எஞ்சினுக்குக் கரிதான் ஆரோக்கியம். வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் கசிந்து, ஆவியாகி, கரியைக் கழுவிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். சிலிண்டர் மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்துவிட்டது. எட்டு மாதமாக மழை இல்லை. கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடிக்கவே இல்லாதபோது எவன் எஞ்சினுக்கு ஊற்றுவான்? உப்பு அடைத்து, சூடேறி, அந்த வருடம் பாதி ஊர் எஞ்சின்களுக்கு இதே நோய். என்னுடையதற்கும்தான்.

என்னிடம் ஒரே ஒரு புது கேஸ்கெட் இருந்தது. தலைநகர் தராவாவிலிருந்து அது கப்பலில் வர ஏழு மாதம் ஆயிற்று. என் எஞ்சின் அவனுடையதைப் போன்றதேதான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அடுத்து என்ன சொல்வான் என்று தெரியும். “புபுசி கேக்குறேன் மச்சான், அந்தக் கேஸ்கெட்டைக் குடுங்க.” எங்கள் ஊரில் உறவுக்காரன் அப்படிக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் ஊர் மண்டபத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அப்படித்தான் என் சைக்கிள் போனது, வலை போனது, சோலார் விளக்கு போனது. மூன்றும் சிரித்த முகத்தோடு கொடுத்தவைதான். வயிறு எரிந்தது யாருக்குத் தெரியும்? இந்த ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். இல்லை என்றும் சொல்ல முடியாது, கொடுக்கவும் மனமில்லை. கேட்க விடாமல் செய்வது ஒன்றுதான் வழி.

“பிளக்தான்டா கெட்டுப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

என் கையாலேயே புது பிளக் ஒன்றை மாட்டிவிட்டேன். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. காய்ந்த புது பிளக், கசிவும் கொஞ்சம்தான். சூடேறும்வரை ஓடும் என்று எனக்குத் தெரியும். பவளத்திட்டுக்கு உள்ளேயே இருமத் தொடங்கும், திரும்பிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“பிளக்கைச் சும்மாவே குடுத்துட்டீங்க! வந்ததும் முதல் மீன் உங்களுக்குத்தான் மச்சான்.”

சனிக்கிழமை விடியலில் போனான். அன்று வரவில்லை. ஞாயிறு காலையில் என் எஞ்சினின் மூடியைக் கழற்றி அந்தக் கேஸ்கெட்டைப் போட்டுக்கொண்டு தேடப் போனேன். மூன்று நாள் தேடினேன். எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை. அது அவ்வளவு நன்றாக ஓடியதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கடலில் இறங்கிச் செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்கும் தைரியம் இல்லை.

ஒன்பதாம் நாள், தெற்கே அடுத்த தீவின் திட்டில் அவன் படகு ஒதுங்கியது. எஞ்சின் இருந்தது. அவன் இல்லை.

எஞ்சினை என் கொட்டகைக்கே கொண்டுவந்தார்கள். என்ன ஆயிற்று என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஊரே சுற்றி நின்றது. மரேவா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். ஸ்பானரை வைத்ததும் மூடியின் போல்ட்டுகள் எளிதில் திரும்பின. யாரோ ஏற்கெனவே கழற்றி மாட்டியிருந்தார்கள்.

மூடியைத் தூக்கினேன். கீழ் சிலிண்டர் ஓரத்தில் உலோகம் அரித்திருந்தது. அங்கே இருந்தது பழைய கேஸ்கெட் இல்லை. பிஸ்கெட் அட்டைப் பெட்டியைக் கத்தியால் வெட்டி, போல்ட்டுக்கெல்லாம் ஓட்டை போட்டு, மீன் எண்ணெய் தடவிப் பொருத்தியிருந்தான். தண்ணீர்பட்டுக் கூழாகியிருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று.

“பாத்தியா பய வேலைய!” என்றார் மண்டபத்துப் பெரியவர் ஒருவர். “ஆடுற படகுல ஒக்காந்து மூணு தடவ வெட்டியிருக்கான். எல்லா ஓட்டையும் எடம் பிசகாம.”

மூடியைத் திறந்த அன்றே அவன் கிழிந்த கேஸ்கெட்டைப் பார்த்திருப்பான். அந்த வெளுத்த பிஸ்டனையும் பார்த்திருப்பான். நான் பார்த்ததும் இதைத்தான் என்று அவனுக்கு எவ்வளவு நேரத்தில் புரிந்திருக்கும்? அதன் பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தான்?

“அண்ணா, எது கெட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல?” என்றாள் மரேவா.

“தெரிஞ்சிருக்கு.”

“அவரு மெக்கானிக்கூட இல்லையே.” அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். “அப்போ உனக்கு ஏன்ணா தெரியாமப் போச்சு?”

பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்ரோலின் மீது பழி போடலாம், பிளக்கின் மீது போடலாம், கடலின் மீதும் போடலாம். நம்பியிருப்பார்கள்.

“எனக்கும் தெரியும் மரேவா” என்றேன்.

அவள் டார்ச்சைப் பிடித்தபடி, இன்னும் ஒன்றும் புரியாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.