எழுபத்திரண்டு படம்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள் எழிலரசி. துடைக்கத் துடைக்க அது மறுபடி வியர்த்தது. துடைத்த வட்டத்துக்குள் தம்பியின் மூக்கும், நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ரூபாயும் தெரியும். அடுத்த நிமிஷம் மங்கிப்போகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போன உயிர். இப்போது மணி இரண்டு. செம்பியனுக்கு வயது முப்பத்தொன்று.

“கண்ணாடியத் தேச்சு என்னாடி ஆவப்போவுது? வுடு. எழுந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடி” என்றாள் பெரியம்மா.

“வாணாம்.”

அம்மா இருசம்மாள் அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்து, “சில்லுனு இருக்குதே, புள்ளைக்குக் குளுருமே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதையே எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

எழிலரசியின் கைபேசி மடியில் அதிர்ந்தது. கடலூரிலிருந்து யாரோ சொந்தக்காரர் வழி கேட்கிறார் என்று எடுத்துப் பார்த்தாள். உங்கள் பார்சல் சென்னையிலிருந்து புறப்பட்டுவிட்டது, வியாழக்கிழமை கிடைக்கும் என்று செய்தி. பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. அவள் கைபேசியைக் கவிழ்த்துப் பெட்டியின் அடியில் தள்ளினாள். ஆத்திரமாக வந்தது. கம்பெனிக்காரன் மேல் இல்லை, தன் மேல்தான்.

வருவது ஒரு கேமரா. ஃபிலிம் போட்டு எடுக்கிற கேமரா.

செம்பியனுக்குக் கடலூரில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும் கடையில் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவான். செத்துப்போன அப்பாவை மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவைப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. பழைய ஓட்டர் அட்டையிலிருந்து முகத்தை வெட்டுவான், எவனோ ஒருவனின் பட்டுச்சட்டை உடம்பில் ஒட்டுவான், உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு இழுத்துவிடுவான். ஆல்பம் வாங்க வந்த தாய்மார்கள் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவி அழுவார்கள். அவனுக்குத் தட்டில் பழம் வைத்துக் கொடுத்தவர்கள்கூட உண்டு.

கணையத்தில் கட்டி என்று தெரிந்து வேலையை விட்டுவிட்டுப் படுத்த பிறகு, நாள் முழுக்கக் கைபேசியைப் பார்த்தபடி கிடந்தான். அப்போதுதான் இந்தப் பாதிப்படக் கேமரா பைத்தியம் பிடித்தது.

“முப்பத்தாறு படம் எடுக்குற ரோல்ல எழுபத்திரண்டு எடுக்கலாம்க்கா. ஒரு படத்துக்குண்டான எடத்த ரெண்டா பிரிச்சிடும். லேப்ல வெட்டாம பிரிண்ட் போடச் சொன்னா, ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல ஒரே அட்டையில வரும்.”

“போன்லயே ஆயிரம் எடுக்குறியேடா.”

“அது வேறக்கா. செல்ஃபியில ரெண்டு பேரும் போனப் பாத்து இளிக்கிறோம். இதுல நான் உன்னப் பாக்குறது ஒரு பாதி, நீ என்னப் பாக்குறது ஒரு பாதி. ஒட்டு வேலயே கெடையாது. செத்தவங்கள நிக்கவச்சு நிக்கவச்சு எனக்கே அலுத்துப்போச்சு.”

பழையது ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவனுக்குப் பழக்கமான உத்திராபதியின் போட்டோ ஸ்டுடியோவில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அறுபது வருஷத்துச் சாமான். பேட்டரிகூடக் கிடையாது. கேட்டால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார். புதியதை இப்போதுதான் ஒரு கம்பெனி செய்யத் தொடங்கியிருந்தது. ஃப்ளாஷ் உண்டு, இரண்டு வருஷ வாரண்டி உண்டு. ஆனால் ஆர்டர் போட்டால் வர ஆறு வாரம் ஆகும்.

“பழசே போதும்க்கா. நாளைக்கே எடுத்துரலாம்.”

“ரிப்பேரானா யார்ரா பாக்குறது? அறுவது வருஷத்து ஓட்ட டப்பா. புதுசுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி.”

“ரெண்டு வருஷமா?” என்று செம்பியன் சிரித்தான். “எனக்கு யாருக்கா வாரண்டி குடுக்குறா?”

“வாயக் கழுவுடா.”

எழிலரசி கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அவன் ரத்தத்தை அவளேதான் எடுத்தாள், அவளேதான் மெஷினில் வைத்தாள். எண்களைப் படிக்க அவளுக்கு எந்த டாக்டரும் தேவையில்லை. இருந்தும் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரெண்டு மாசம்மா, அதுக்கு மேல கேக்காதீங்க என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம்தான் அவள் புதியதற்கு ஆர்டர் போட்டாள். ஆறு வாரம் காத்திருக்க வேண்டிய பொருளை வாங்கினால் அந்த ஆறு வாரமும் அவன் இருந்தாக வேண்டும். பைத்தியக்காரக் கணக்கு. ஆனால் பழையதை வாங்கிக் கொடுத்தால், சீக்கிரம் எடுத்துக்கோ, நேரமில்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடாதா? அவளால் அது முடியவில்லை. அவன் ஐந்தாவது வாரத்தில் போய்விட்டான்.

வெளியே சாமியானாவின் கீழே பறைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எழிலரசியின் கணவன் மணவாளன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அரசி, ஸ்டுடியோக்காரரு வந்துருக்காரு. உன்னத்தான் பாக்கணுங்குறாரு.”

உத்திராபதி வாசலில் மாலையோடு நின்றார். அறுபது தாண்டிய ஒல்லியான மனுஷன். கையில் ஒரு மஞ்சள் பை. கடலூரிலிருந்து வந்த பஸ் வழியில் பு.முட்லூரிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டதாம். மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு அவளை நடைக்குக் கூப்பிட்டார்.

“நல்ல நாளாம்மா இது, இருந்தாலும் இப்ப குடுக்கலன்னா அப்பறம் பிரயோசனம் இல்ல. தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு.”

பைக்குள்ளிருந்து அந்தப் பழைய கேமராவை எடுத்தார். கைக்குள் அடங்குகிற அளவுதான். லென்ஸைச் சுற்றித் தேனடை மாதிரி ஒரு கண்ணாடி வளையம்.

“மூணு வாரத்துக்கு முன்ன, ஞாயித்துக்கெழம, நீங்க தம்பிய லேபுக்குக் கூட்டியாந்தீங்களே. அன்னைக்கு உங்ககிட்ட டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு நம்ம கடைக்கு வந்துச்சு. ஒரு மணி நேரம் இரவல் குடுங்கண்ணேன்னுச்சு. ரோலு போட்டுக் குடுத்தேன். ஒரே ஒரு படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுச்சு.”

“என்னா படம்ண்ணே?”

“நீங்கதான். லேப் வாசப்படியில நின்னு ஏதோ பேப்பரு படிச்சிட்டு இருந்தீங்களாம்.”

எழிலரசி சுவரில் சாய்ந்தாள். அது அவனுடைய ரிப்போர்ட். எண்கள் எல்லாம் எகிறிப்போயிருந்தன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாசலில் நின்று முழுசாகப் படித்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் வந்ததும் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்து, “போன மாசத்துக்கு இப்ப தேவலடா. குறைஞ்சிருக்கு” என்றாள். அவனும், “அப்பாடி” என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போது முறுக்கு வாங்கித் தின்றார்கள். படுபாவி, எல்லாம் தெரிந்துகொண்டேதான் முறுக்குத் தின்றிருக்கிறான்.

“அடுத்த படம் அக்கா எடுக்கணும், என்னைய எடுக்கணும், அது வரைக்கும் யாரும் தொட வாணாம்னுச்சு. எடுத்துட்டுப் போயேன் தம்பின்னேன். இல்லண்ணே, அக்கா புதுசுக்குச் சொல்லியிருக்கு, இதப் பாத்தா மனசு நோவும், புதுசு வந்துட்டா இது தேவையில்ல, வரலன்னா நீங்களே எடுத்துட்டு வாங்கன்னுச்சு.” உத்திராபதி மூக்கை உறிஞ்சினார். “அதான் எடுத்தாந்துட்டேன்.”

அவள் கேமராவை வாங்கினாள். இரும்பு கனத்தது.

“வேற ஒண்ணும் பண்ண வாணாம்மா. பாத்து அமுக்குனா போதும். வெளிச்சம் பத்தலன்னா உள்ள செவப்பா ஒரு நாக்கு நீட்டும். அப்ப அமுக்குனாலும் அமுங்காது.”

அவள் நேராகப் பெட்டியிடம் போனாள். கண்ணாடியைத் துடைத்தாள். கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினாள். சிவப்பு நாக்கு நீண்டது. டியூப் லைட்டைப் போடச் சொன்னாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். மறுபடி அமுக்கினாள். மறுபடியும் சிவப்பு. ஃப்ளாஷ் உள்ள கேமராவோ சென்னையிலிருந்து எங்கேயோ லாரியில் வந்துகொண்டிருந்தது.

“அடியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொணத்தப் போயி போட்டா புடிக்கிற?” என்றாள் பெரியம்மா. அவள் பின்னாலேயே அவள் மகன் சிங்கப்பூர் மச்சானுக்கு வீடியோ காலில் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான். அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றரைக்கு உடலை வெளியே எடுத்தார்கள். சாமியானாவின் கீழே பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். ஐப்பசி வானம் காலையிலிருந்தே மூட்டமாகத்தான் இருந்தது. பிச்சாவரம் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. எழிலரசி கேமராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஊற்ற அவள் முறை வந்தபோது ஒரு கையாலேயே ஊற்றினாள். அவனுடைய வயிறு ஒட்டி முதுகைத் தொட்டிருந்தது. தோள்பட்டை எலும்பில் தண்ணீர் நின்றது.

“மழ வருது, சட்டுபுட்டுனு ஆவட்டும்” என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

புது வேட்டி கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பாடையில் வைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலை தெற்கே. பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். அம்மாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவள் அரிசியை வாயில் போடாமல் மார்பில் தூவிவிட்டு, குளுருமே, குளுருமே என்றாள். பெண்களுக்கு இதோடு சரி. சுடுகாட்டுக்குப் போவது ஆண்கள் மட்டும்தான். ஆண்கள் நான்கு பக்கமும் வந்து குனிந்தார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றாள் எழிலரசி.

யாருக்கும் கேட்கவில்லை. பறை அப்படி அடித்தது.

“மாமா, நிறுத்தச் சொல்லு!”

மணவாளன் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். பாடையின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். “கொஞ்சம் பொறுங்கப்பா. அவ அக்காகாரி. ஒரு நிமிஷம்.”

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, எழிலரசியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

அவள் பாடையின் பக்கவாட்டில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். சிவப்பு வரவில்லை. ஆனால் அவன் அடங்கவில்லை. குறுகலான நிமிர்ந்த கட்டம் அது, நிற்கிற மனுஷனுக்கு உண்டானது. முகத்தைப் பார்த்தால் இடுப்போடு போய்விட்டது, காலைப் பார்த்தால் முகம் இல்லை. பின்னால் நகர்ந்தாள். எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது.

“குறுக்கால திருப்புங்கம்மா, கேமராவ” என்றார் உத்திராபதி.

திருப்பினாள். முழுசாக வந்தான். தலையிலிருந்து கட்டிய கட்டைவிரல் வரைக்கும் அந்தக் கட்டத்துக்குள் அப்படியே பொருந்திக் கிடந்தான். அமுக்கப் போனவள் நின்றாள். கேமராவின் தலை, அதன் மேல்பக்கம், வடக்கே, அவனுடைய கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி எடுத்தால், பிரிண்ட் போடும்போது பக்கத்துப் பாதியில் அவள் லேப் வாசப்படியில் நின்றுகொண்டிருப்பாள், அவன் தலைகீழாகத் தொங்குவான்.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அதன் தலையைத் தெற்கே, அவன் தலை இருக்கும் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். முதல் தூறல் கையில் விழுந்தது. அமுக்கினாள்.

டக் என்ற அந்தச் சத்தம் பறையில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. விரலில்தான் தெரிந்தது.

“ஆச்சா?” என்றான் மணவாளன்.

அவள் தலையை ஆட்டினாள். பாடை எழுந்தது. தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அவளும் போய் அங்கே நின்றாள். கட்டைவிரல் தானாகச் சக்கரத்தைத் தள்ளி, ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. இன்னும் எழுபது படம் எடுக்கலாம்.