நகராத படை

எடை அளவு இன்ஸ்பெக்டராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்கு யார்மேல் நம்பிக்கை வரும், நீங்களே சொல்லுங்கள். கடைக்காரன் சிரித்தால் இவருக்குப் படிக்கல்லைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். நாற்காலி போட்டால் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவுவார். வேலைக்கு அது நல்ல குணம்தான். ஆனால் ஆபீசில் கழற்றி மாட்டிவிட்டு வர அது சட்டையா என்ன? வீட்டுக்கும் கூடவே வந்தது. அவர் எங்கே போனாலும் கூடவே போனது.

டயர்க்கடைக்கு மேலே, மாடியில், நீளமாக ஒரு ஹால். விடுமுறை நாள்களில் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடிப் பொம்மைப் போர் விளையாடுவார்கள். சிரிக்காதீர்கள், எல்லாரும் தலை நரைத்தவர்கள். விரல் உயரத்துக்குச் சிப்பாய்கள், குதிரைகள், பூதங்கள். ஒவ்வொரு பொம்மையும் ஒரு வட்டத் தட்டின்மேல் ஒட்டியிருக்கும். மேஜைமேல் இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி யார் செத்தார்கள் யார் பிழைத்தார்கள் என்று பார்ப்பார்கள். அங்கே நம் ஆளுக்குத் 'தராசுக்காரர்' என்று பேர். ஓநாய்மேல் ஏறி வரும் படை அவருடையது. பாய்ந்து வந்து கடித்துக் குதறுகிற ரகம். ஆறு வருஷமாக அந்த ஓநாய்களை வைத்து எல்லாரையும் ஓட ஓட விரட்டினார். ஆட்டம் முடிந்ததும் யாரும் அவரோடு டீ குடிக்க நிற்பதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்.

நின்றது ஒரே ஒருவர். அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். உண்மையைச் சொன்னால், உலகத்தில் தராசுக்காரருக்கென்று மிச்சமிருந்த சிநேகிதம் அந்த ஒன்றுதான். அது போனால் அவருக்குத் தோளில் கைபோட ஆள் கிடையாது. அது அவருக்கே தெரியும்.

அந்தச் சகலை ஒருநாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"சகலை, வர்ற ஜோடிப் போட்டிக்கு நீங்க இந்தப் படையை எடுத்துக்குங்க."

திறந்து பார்த்தால் குன்றுக் காவலர்கள். குட்டைக் கால், இடுப்பு வரை தாடி, ஆளை மறைக்கிற கேடயம். கூடவே நாலைந்து பீரங்கிகள். பல்லுக்கு வண்ணம் பார்க்கிற கை அல்லவா, ஒவ்வொரு தாடியிலும் நரை தனியாகத் தெரிந்தது. மாசக்கணக்கில் உட்கார்ந்து தீட்டியிருக்க வேண்டும்.

"என் ஓநாய்க்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஒரு மாறுதலுக்குத்தான். இவங்க நகரவே வேணாம் பாருங்க. வெச்ச இடத்துல நின்னுக்கிட்டே அடிப்பாங்க. மேஜையைச் சுத்திச் சுத்தி எதுக்கு ஓடணும்?"

தராசுக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஜோடிப் போட்டி என்றால் இரண்டு பேர் சேர்ந்து எதிரில் இரண்டு பேரோடு மோதுவது. கூட்டாளி ஜெயித்தால்தான் தானும் ஜெயிக்க முடியும். அப்படியிருக்க, ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் படையை எவனாவது மாற்றச் சொல்வானா? அதுவும் மாசக்கணக்கில் கஷ்டப்பட்டுத் தீட்டி, ஓசியாகக் கொடுத்து? வாங்கிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து சகலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

புதுப்படை லேசில் வசப்படவில்லை. முதல் ஆட்டத்தில் பீரங்கிகளை எல்லாம் ஒரே மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். எதிரி ஒரே பாய்ச்சலில் வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனான். அடுத்ததில் கேடயக்காரர்களைப் பின்னால் பத்திரமாக வைத்தார். பீரங்கி போன பிறகு அவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. பீரங்கிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், ஒன்றின் காலடியை இன்னொன்று காக்கிற மாதிரி. கேடயக்காரன் கொல்வதற்கு இல்லை, சாவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதற்கு. பக்கத்தில் வந்துவிட்டவனை விட்டுவிட்டு அடுத்த முறை வரப்போகிறவனைச் சுட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, பிடிபட்ட பிறகு ஆட்டம் ருசிக்கத்தான் செய்தது. அதை வெளியில் காட்டிக்கொள்வாரா? ஊஹூம்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அவர் டேப்பை எடுத்தாலே சகலைக்கு உடம்பு பதறியது.

"நகத்தாதீங்க சகலை, நிக்கட்டும்."

"கொஞ்சம் முன்னாடி போனா அந்தப் பாலத்தைப் புடிச்சிரலாமே?"

"அப்ப குடுங்க, நானே நகத்துறேன். உங்களுக்கு முட்டி வலி."

முட்டி வலித்தது போன மாசம். இந்த மாசம் மாடிப்படி ஏறி வந்தவருக்கு என்ன முட்டி வலி? டேப்பைப் பிடுங்கிக்கொள்ள ஒரு சாக்கு. என்னை வெறும் பொம்மையாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இவனே ஆடுகிறான். நான் உதவாதவன் என்று பத்துப் பேர் முன்னால் காட்டிவிட்டு வேறு கூட்டாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். தராசுக்காரர் இப்படி ஒரு கணக்குப் போட்டார். போட்ட கணக்குக்குச் சாட்சியும் தேட ஆரம்பித்தார்.

சகலையின் பகடைகளை நைசாகச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் கைகொள்ளாத உப்பைக் கரைத்து, பகடை மிதக்கிறதா என்று பார்த்தார். உள்ளே ஈயம் வைத்த பகடையாக இருந்தால் எத்தனை தடவை தட்டிவிட்டாலும் ஒரே முகம்தான் மேலே வரும். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முகம் வந்தது.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். "உப்பு டப்பாவைக் காலி பண்ணியாச்சா? யார் பகடை இது?"

"சகலையோடது."

"அந்த மனுஷனையா சந்தேகப்படறீங்க? பச்சைத்தண்ணிய குடிச்சாக்கூட உங்ககிட்ட சொல்லிட்டுக் குடிக்கிற ஆளு. உங்களுக்கு யாராவது நல்லது பண்ணிட்டா போதும், ராத்தூக்கம் போயிடுமே!"

பகடை சுத்தம் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் வேறு எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஓட்டை மறுவாரமே கிடைத்தது. மாடிப்படி ஏறும்போது மேலே பேச்சுக்குரல். சகலையும், போட்டிக்கு நடுவரான 'விசிலும்' பேசிக்கொண்டிருந்தார்கள். விசில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும்.

"அவர் காதுக்குப் போக வேணாம் சார்," என்றது சகலையின் குரல். "போட்டி முடியட்டும், நான் பார்த்துக்கறேன்."

இவர் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். தராசுக்காரருக்குச் சந்தேகமே இல்லை, குழி பறிக்கிறான். வேறு எவன் குழி பறித்திருந்தாலும் சரிதான் போடா என்று விட்டிருப்பார். இவன் பறிக்கிறானே! அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கைவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கோபம் என்று சொல்லிக்கொண்டார். கோபம் இல்லை, பயம்.

அந்தப் பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். சகலையிடம் மூச்சு விடாமல் விசிலின் வீட்டுக்கே போய், "நான் ஓநாய்ப்படையோடவே ஆடுறேன், மாத்தி எழுதிக்குங்க," என்றார்.

விசில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க சகலைக்குத் தெரியுமா?"

"எல்லாத்தையும் அவர்கிட்ட கேட்டுத்தான் செய்யணுமா?"

"அப்படி இல்ல. மாத்திக்கலாம், தடையில்ல. ஆனா ஒண்ணு சார், போட்டின்னா ரூல் ரூலாத்தான் இருக்கும். மத்த நாள் மாதிரி யாரும் விட்டுக்குடுக்க மாட்டாங்க."

மிரட்டுகிறான், இவனும் கூட்டு என்று முடிவுகட்டிக்கொண்டு தராசுக்காரர் எழுந்து வந்தார்.

போட்டியன்று ஹாலில் எள் போட்டால் எள் விழாது. எதிரில் மருந்துக்கடை நடத்துகிற புருஷன் பெண்டாட்டி. தராசுக்காரர் பையைத் திறந்து ஓநாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சகலை இது? காவலருங்க எங்க?"

"வீட்டுல தூங்கறாங்க."

"ஏன் இப்படிப் பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீ விசில்கிட்ட பேசினப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" எப்போதும் 'நீங்க' போட்டுப் பேசுகிறவர் 'நீ'க்கு இறங்கிவிட்டார். "எனக்கா காதுல பூ சுத்தற?"

சகலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்.

முதல் முறை தராசுக்காரருடையது. ஆசை தீர டேப்பை இழுத்தார். முன்வரிசை ஓநாயின் தட்டுக்கு முன்விளிம்பில் டேப்பின் நுனியை வைத்து, பத்து அங்குலம் அளந்து, ஓநாயைத் தூக்கி அங்கே வைத்தார். அடுத்த ஓநாய். அதற்கடுத்தது.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "அந்த அளவை மறுபடி காட்டுங்க."

"என்னம்மா? அளவுலயா? எங்கிட்டயா?" ஹால் முழுக்கக் கேட்டது.

விசில் வந்தார். குனிந்து பார்த்தார். "சார், எங்கேருந்து அளந்தீங்க?"

"தட்டோட முன்விளிம்புலேருந்து."

"சரி. பத்து எங்க வருது?"

தராசுக்காரர் விரல் வைத்துக் காட்டினார்.

"அப்ப முன்விளிம்பு அங்கதானே நிக்கணும்? உங்க ஓநாய்க்குப் பின்விளிம்பில்ல அங்க நிக்குது?"

பார்த்தார். பத்தாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் முழு ஓநாயும் நின்றுகொண்டிருந்தது. அளந்ததற்கு மேலே ஒரு தட்டு அகலம் ஓசி. நகர்த்திய ஒவ்வொரு ஓநாயும் அப்படித்தான். இன்றைக்கு மட்டுமா? அவர் கை வேறு மாதிரி வைத்ததே கிடையாது. ஆறு வருஷமாக ஒவ்வொரு பாய்ச்சலிலும் எதிராளிக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அவர் தின்றுகொண்டிருந்தார். ஒரு கடையில் இப்படிப் பிடித்திருந்தால் நின்ற நிலையில் சீல் வைத்திருப்பார்.

நிமிர்ந்து பார்த்தார். அதுதான் அவரைக் கொன்றது. ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் அவரவர் பொம்மையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"போட்டியில இது சின்ன விஷயம் இல்ல சார்," என்றார் விசில். "தெரியாம பண்ணீங்கன்னா பின்னாடி எடுத்து வெச்சுட்டு ஆடலாம். தெரிஞ்சு பண்ணீங்கன்னா வெளிய போகணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை: தெரியாம நடந்துடுச்சு. எத்தனை கடைக்காரர்கள் அவர் முன்னால் கை கட்டி நின்று இதையே சொல்லியிருக்கிறார்கள்! சிலர் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினார்கள், ஒரு கிழவர் அழவே அழுதார். ஒருவரையாவது அவர் நம்பியது உண்டா? 'இத்தனை வருஷமாத் தெரியாமலா?' என்று கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவார். இப்போது அதே வார்த்தை நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அவரே நடுவராக இருந்தால் நம்பமாட்டார். பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

"தெரியாமத்தான் சார்."

சொன்னது சகலை. "இவர் தெரிஞ்சு ஒரு நூல் ஏமாத்த மாட்டாரு. எத்தனை வருஷமா நான் இதை ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்? அன்னிக்கு இங்க தனியாப் பேசினப்ப உங்ககிட்டயும் அதைத்தானே சொன்னேன்?"

விசில் தலையை ஆட்டினார். "சரி. ஓநாயைப் பின்னாடி வைங்க, ஆட்டம் தொடரட்டும்." அவ்வளவுதான். சகலை சொன்னார், அவர் நம்பிவிட்டார். உப்புத் தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தராசுக்காரர் ஓநாய்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்து வைத்தார். விரல் பட்டு ஒன்று சாய்ந்தது. சகலை அதை நிமிர்த்தினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் தராசுக்காரர், ஓநாயைப் பார்த்தபடியே.

"முன்னாடி இங்க ஆட வருவாரே கூரியர்க்காரர், அவர் ஒரு தடவை சொல்ல வந்தாரே, ஞாபகமிருக்கா? 'அளவுல எனக்கே பாடமா'ன்னு கத்துனீங்க. மனுஷன் அதோட வர்றதையே விட்டுட்டாரு. அதான், நகராத படையா ஒண்ணு குடுத்துட்டா உங்க பேரும் கெடாது, உங்க மனசும் நோகாதுன்னு பார்த்தேன்." சகலை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

தராசுக்காரர் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "உன் டேப்பை ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சிருப்பேன்."

"அதான் சொல்லல," என்றார் சகலை.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மருந்துக்கடைக்காரி பகடையை அள்ளினாள். தராசுக்காரர் அவள் உருட்டியதைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இத்தனை பேர் நடுவில், அழுதுகொண்டிருந்தார்.