கோழிக்கொழுப்புத் தொட்டி

மருதாத்தாளுக்கு மகன் ஊட்டோட இருக்கோணும், அவ்வளவுதான். துபாயிலிருந்து திரும்பிய பூபதிராஜா, கொழிஞ்சாம்பாறைக் கோழிக்கடைகள் கழித்துப்போடும் கொழுப்பை வாங்கிவந்து, சாணத்தோடு கலந்து கேஸ் எடுக்கிறேன் என்று தோட்டத்தில் தொட்டி கட்டினான். நாற்றத்துக்கு ஊரே காறித் துப்பியது. கொழுப்பு ஆடை கட்டி, சாணமெல்லாம் புளித்து, அடுப்பு பொசுக்கென்று அணைந்துபோகும். பஞ்சாயத்துக்காரர்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: பார்வையிட வரும் நாளில் அடுப்பு எரியவில்லை என்றால் தொட்டியை மூட வேண்டும். மூடினால் அவன் மறுபடியும் துபாய்க்குத்தான்.

மருமகள் நர்மதாதான் எங்கேயோ விசாரித்து வந்து, கொட்டாங்குச்சிக் கரியை இடித்துத் தொட்டியில் போடச் சொன்னாள்.

"கேஸு உண்டாக்குற கிருமிக கொழுப்புல திணறுதுங்கத்தை. கரி இருந்தா அது வழியா ஒண்ணுக்கொண்ணு கரண்ட்டக் கடத்திக்கும். வேலை சுருக்கா நடக்கும்."

"ஆமா, கிருமிக்குக் கரண்ட்டு இழுத்துக் குடு. நம்ம மோட்டாருக்கே கரண்ட்டக் காணோம்."

சிரித்தாளே தவிர, கரியை இடித்தது மருதாத்தாள்தான். கையும் மூஞ்சியும் ஒரே கருப்பு. கொஞ்ச நாளில் அடுப்பு நீலமாக நின்று எரிந்தது, நாற்றமும் அடங்கியது. மகன் அடுத்த வருசம் இன்னொரு தொட்டி கட்டுவதைப் பற்றிப் பேசினான். அவளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

பஞ்சாயத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியாள் வரும்போது மாட்டுக் கட்டுத்தறி நாறிக் கிடந்தால் மானம் போகாதா? அந்த வாரம் பூரா காலையும் சாயங்காலமும் பினாயிலைக் கொட்டித் தேய்த்துக் கழுவினாள். கட்டுத்தறித் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குள்தான் இறங்கும். அவளுக்குத் தெரியாததா? தண்ணிதானே என்று இருந்துவிட்டாள்.

அதிகாரி வந்தார். பூபதிராஜா தீக்குச்சி கிழித்தான். பற்றவில்லை. திரும்பத் திரும்பக் கிழித்தான். தொட்டியைத் திறந்தால் புளித்த வாடையோடு பினாயில் வாசமும் குப்பென்று வந்தது. நர்மதா திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, கட்டுத்தறியை எதுல கழுவுனீங்க?"

மருதாத்தாள் மறைக்கவில்லை. "பினாயில்லதான் கண்ணு. வர்றவங்க மூஞ்சியச் சுளிக்கக் கூடாதுன்னு..."

"அது கிருமியக் கொல்றதுக்குன்னே விக்கிறதுங்கத்தை."

பூபதிராஜா அதிகாரியிடம் தவணை கேட்டுக் கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. போகிறபோது அவர் கட்டுத்தறியை எட்டிப் பார்த்து, "தொழுத்தினு நல்ல விருத்தியுண்டல்லோ" என்று மலையாளத்தில் மெச்சினார். இத்தனை சுத்தமான மாட்டுக் கொட்டகையை அவர் எங்கும் பார்த்ததில்லையாம். மருதாத்தாளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே மகன் துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டோடு போனில் பேசிமுடித்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். மருதாத்தாள் மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"துணிமணியெல்லாம் தொவச்சு எடுத்து வெக்கட்டுமா கண்ணு?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா" என்றான் பூபதிராஜா. "நர்மதா பாத்துக்குவா."