நின்றபடி நடந்த வளைகாப்பு

வளைகாப்புக்கு நாள் குறித்ததிலிருந்து பவதாரணிக்கு ஒரே கவலைதான். மனையில் உட்கார வேண்டுமே!

சிலமலையில் எத்தனையோ பெண்கள் உட்கார்ந்து எழுந்த பலகை அது. பட்டுச்சேலையோடு அதன்மேல் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, வருகிறவர்கள் பூசுகிற சந்தனத்தையும் மாட்டுகிற வளையலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் என்ன பெரிய சோலி என்று கேட்பீர்கள். உட்காருகிற இடம் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறவளிடம் போய்க் கேளுங்கள், சொல்லுவாள்.

சொல்லுவாள் என்றா சொன்னேன்? எங்கே சொன்னாள்! மூன்று வாரமாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அவளுக்குப் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பொறுக்க வேண்டும். அங்கே பெண்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் எழுந்து போக வேண்டி வரும், போனால் குவியல் அப்படியே கிடக்கும். ஏழு மாத வயிற்றோடு இவளும் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினாள். போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு. வயிறு இறுகிக் கல்லாகிவிட்டது. தினமும் முக்கினாள், முனகினாள். ஒருநாள் பின்பக்கத்தில் மொச்சைக்கொட்டை போல ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.

அப்போதாவது வாயைத் திறந்தாளா? மாட்டாள். சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டாள். கெட்டிக்காரியாம்! வளைகாப்பன்று காலையில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் பலன் தெரிந்தது. கழிப்பறையில் சிவப்பாக ரத்தம்.

பவதாரணிக்கு உயிரே போய்விட்டது. முக்கி முக்கிப் பிள்ளையை நெருக்கிவிட்டேனா? பிள்ளைக்கு ஏதாவது ஆகிப்போயிருக்குமா? மாமியார் பாண்டியம்மாளிடம் சொல்லலாம். ஆனால் எதைச் சொல்லி, எங்கே என்று காட்டுவது? புருஷன் முத்துப்பாண்டி குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னால் ஸ்டாண்டுக்கே தெரிந்துவிடும். முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டைக் கட்டிக்கொண்டு வந்து மனையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடது தொடையில் கொஞ்ச நேரம், வலது தொடையில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"நேரா உக்காரு புள்ள, போட்டா எடுக்குறாங்கள்ல!" என்று அதட்டினாள் பாண்டியம்மாள்.

எதிரே ஐந்து வகைச் சோறு ஆவி பறக்க இருந்தது. தெருவில் ஒலிபெருக்கி அலறியது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக வந்தவள் கிராம நர்ஸ் மகாராணி. சந்தனத்தை எடுத்துக் கன்னத்தில் பூசக் குனிந்தாள். அவள் காது பவதாரணியின் வாய்க்கு நேராக வந்தது.

இதைவிட்டால் வேறு சமயம் இல்லை.

"அக்கா, காலைல ரத்தம் வந்துச்சு."

மகாராணியின் கை கன்னத்திலேயே நின்றது. முகத்தில் சிரிப்பை மாற்றாமல் கேட்டாள். "முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. வெளிக்கிப் போகையில."

"நெசமா? முன்னால ஒரு சொட்டுக்கூட இல்லையே? வயிறு வலிக்குதா?"

"இல்லக்கா. பின்னாலதான், கொட்டை மாதிரி தட்டுப்படுது."

"புள்ள அசையுதா?"

"இப்பக்கூட உதைக்கிறான்."

மகாராணி மறு கன்னத்துக்கும் சந்தனம் பூசினாள். "மூலம்டி அது. புள்ள கனம் கீழ அமுக்குறதுல மாசமா இருக்கவங்க நெறையப் பேருக்கு வர்றதுதான். புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் நாளைக்குக் காலைல டாக்டரம்மாட்ட காட்டிருவோம். நல்லாத் தண்ணி குடி, கீரை பழம் தின்னு, முக்காத. வெதுவெதுன்னு தண்ணியில பத்து நிமிசம் உக்காரு. கடையில களிம்பு வாங்கி நீயாப் பூசிறாத. மாத்திரையவும் நீயா நிறுத்திறாத."

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை! பவதாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகாராணி இரண்டு வளையலை மாட்டிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தது ரமீஸா. போடியிலிருந்து வந்திருந்த கிட்டங்கித் தோழி. ஏலக்காய் விழுகிற சத்தத்திலேயே தரம் சொல்லுகிற காது அவளுக்கு. அத்தனையும் கேட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, எனக்கும் ரெண்டாவது புள்ளைக்கு இதே கததான். ஒரு மாசம் நின்னுக்கிட்டேதான் பொறுக்குனேன். சூப்பர்வைசரு, தனக்குத்தான் மரியாதை குடுக்குறேன்னு நெனச்சுப் பூரிச்சுப் போயிட்டாரு."

பவதாரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

மூன்றாவது நாத்தனார். யாரையும் மதிக்காத ஆள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு குனிந்தாள். "நான் மாசமா இருந்தப்ப முதுகு வலின்னு தலகாணி போட்டு உக்காந்திருந்தேன்ல? அது முதுகு இல்ல. கொஞ்சம் கீழ."

அவ்வளவுதான், வரிசையே பற்றிக்கொண்டது. ஒவ்வொருத்தியும் சந்தனம் பூசுகிற சாக்கில் குனிந்து, இத்தனை வருஷம் புருஷனிடம்கூடச் சொல்லாததை அவள் காதில் போட்டுவிட்டுப் போனாள். ஊரில் பாதிப் பேர் இந்த மனையில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

வரிசை பாதி நகர்வதற்குள் பாண்டியம்மாளே நடுவில் புகுந்து வந்துவிட்டாள். அவளுக்கு ரகசியம் பேச வராது. அவள் குசுகுசுத்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

"என்னடி ஆளாளுக்குக் காதக் கடிக்கிறாளுக?"

பவதாரணி தலையைக் குனிந்துகொண்டாள். "மூலம் அத்தே. காலைல ரத்தம் வந்துச்சு. புள்ளைக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

பாண்டியம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"காலைலருந்தா? என்னைய வீட்டுல வச்சுக்கிட்டு ஒத்தையிலயா பயந்துக்கிட்டுக் கெடந்த?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு அத்தே."

பாண்டியம்மாள் முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைத்தாள். சந்தனமும் சேர்ந்து போனது. "நானும்தான் சொல்லல ஆத்தா. முப்பது வருசமாச்சு. ஒரு மனுசர்ட்ட சொல்லல. செத்துருவேன்னு நெனச்சு அழுதேன். இன்னைக்குத்தான் வாயத் தொறக்குறேன்."

ரகசியமாகத்தான் சொன்னாள். ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"எந்திரி," என்றாள் பாண்டியம்மாள். கைத்தாங்கலாக மருமகளைத் தூக்கி நிறுத்தி, மனையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "மிச்ச வளையல நின்னுக்கிட்டே போடுங்க. அடியே ரமீஸா, வெரசா ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

உட்கார்ந்திருந்த பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். போட்டாக்காரர் நாற்காலியில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வெந்நீரில் உட்கார்ந்து எழுந்த பிறகு, குரங்கணியில் இருக்கிற தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள் பவதாரணி. காலையில் கூட்டி வந்து மகாராணியோடு போய் டாக்டரிடம் காட்டுவதாக, வளைகாப்புக்கு வந்திருந்த அவள் அம்மா பொறுப்பேற்றுக்கொண்டாள். ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்தார்கள். முத்துப்பாண்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்னம்மா, மெதுவாப் போகணுமா?"

பாண்டியம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "நீ வயித்துல இருந்தப்ப மூணு மாசம் என்னைய உக்கார விடலடா. எம் மருமகளையாச்சும் அலுங்காமக் கொண்டுபோய்ச் சேரு!"