மூன்று தடவை தோற்றவன்

பத்துமலை பெரிய ஆளா இல்லையா? ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில், நல்லம்மாளின் ரொட்டிக் கடையில் ஒரு வாரமாக இதே ரகளை. வருகிற பொங்கலுக்கு, 1979ஆம் ஆண்டுப் பொங்கல் அது, ஒரு விழா வைத்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்குப் பிழைக்க வந்த சனங்கள் கூடி எடுக்கும் விழா. அதில் முதல் மாலை யாருக்கு என்பதுதான் வழக்கு. பத்துமலை அதே தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். பேராக் மாநிலத்தின் பிளைவெயிட் குத்துச்சண்டை வீரர். ஒரு தடவைகூடத் தோற்காமல் கையுறையைக் கழற்றி வைத்தவர். மாலை அவருக்குத்தான் என்று நல்லம்மாள் முடிவே கட்டிவிட்டாள். லோரி ஓட்டும் மாயாண்டி ஒத்துக்கொண்டால்தானே!

மாயாண்டிக்கு உடம்பும் கனம், குரலும் கனம். அவர் பேச ஆரம்பித்தால் எதிர் மேசைக்காரன் ஆர்டர் கொடுக்கக்கூடக் காத்திருக்க வேண்டும்.

"பிளைவெயிட்டுன்னா என்னக்கா? அம்பது கிலோ ஆளு. ரெண்டு ஞாமோக் சண்ட போட்டா எந்தக் கொசு ஜெயிச்சா நமக்கென்ன லா?"

"யாருகிட்டயும் தோக்கலையே மாயாண்டி!"

"மோதுனது யாருகூட? அதச் சொல்லுங்க. பாகான் செராய் வயக்காட்டுல தவக்களை புடிக்கிறவன் ஒருத்தன் வருவானாம். அந்த நோஞ்சானையே மூணு தடவ அடிச்சாராம். அவன நானுந்தான் அடிப்பேன்!"

மூலை மேசையில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்த சன்னாசிக்குப் புரையேறியது. அந்த நோஞ்சான் அவன்தான்.

பஸ் பட்டறையில் வேலை கிடைத்து அவன் புந்தோங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று தடவை தோற்றதை யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? அதனால் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால், அவன் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் என்றால் அந்த மூன்று சண்டைகள்தான். தோற்றது பத்துமலையிடம் என்பதால்தான் இத்தனை வருடமும் நிமிர்ந்து நடந்தான். அவரே வெறும் கொசு என்றால், கொசுவிடம் மூன்று தடவை அடி வாங்கியவன் யார்? கிளாசை வைத்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, அந்தத் தவக்களை புடிக்கிறவன் நான்தான்."

மாயாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது, மேசையே ஆடும்படி.

"நீயா? ஆயோ மச்சான்! உன்ன அடிச்சதுக்கா மாலை?"

"அம்புட்டு லேசுன்னா அடிச்சுப் பாருங்களேன்."

"அடிதடியெல்லாம் என் கடையில வேணாம்," என்று குறுக்கே வந்தாள் நல்லம்மாள். ரொட்டி போட வைத்திருந்த மாவுத் தட்டைத் தூக்கி நடுவில் வைத்தாள். "விரல்ல மாவத் தொட்டுக்கங்க. மேல பட்டா தடம் விழும். அது போதும்."

வாசலில் நாற்காலிகளைத் தள்ளி இடம் ஒதுக்கினார்கள். சன்னாசி விரல் நுனியில் மாவைத் தொட்டுக்கொண்டான். மாயாண்டி உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டு வந்தார். அவர் கையை வீசிய இடத்தில் சன்னாசி இல்லை. மறுபடி வீசினார். அங்கேயும் இல்லை. நாற்பதை நெருங்குகிற உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குனிந்தான், சாய்ந்தான், அவர் அக்குளுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் எழுந்தான். மாயாண்டி மூச்சு வாங்கி நாற்காலியில் தொப்பென்று விழுந்தபோது அவருடைய கறுப்புச் சட்டையில் கண்ட இடமெல்லாம் வெள்ளைத் தடம். சன்னாசி மேல் ஒரு பொட்டு மாவு இல்லை. கடை விசிலடித்தது.

சன்னாசி கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"பாத்துக்கிட்டீங்களா? இது தோத்தவன் ஆட்டம். என்ன மூணு தடவ அடிச்சவரு எப்படி ஆடியிருப்பாரு, இப்ப நெனச்சுப் பாருங்க!"

மாயாண்டி சட்டையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. விழாவைப் பற்றிப் பேச ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து பத்துமலையே வந்துவிட்டார். நரைத்த தலை, ஒல்லி உடம்பு, நீலச் சட்டை. சன்னாசியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"டேய் சன்னாசி! நீ இங்கயா இருக்க?" கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவன்கூட நாலாவது தடவ நிக்கப் பயந்துதான் நான் கையுறையக் கழட்டுனேன். நின்னிருந்தா தோத்திருப்பேன்."

நல்ல மனுஷன், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மாயாண்டி துள்ளி எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா? பயந்து ஒதுங்குனதாலதான் தோக்காத வீரரு!"

சன்னாசிக்குப் பதறியது. கட்டிய கோட்டையை அதன் ராஜாவே இடிக்கிறாரே!

"பொய்யிண்ணே! நாலாவதும் நான்தான் தோத்திருப்பேன்!"

"இல்லடா."

"தோத்திருப்பேன்னா தோத்திருப்பேன்! வாங்க, இப்பவே பாத்துருவோம்!"

பத்துமலை சிரித்துக்கொண்டே மாவில் விரலைத் தொட்டார். சன்னாசியும் தொட்டான். கடை மூச்சுவிடாமல் பார்த்தது. இருவரும் ஒரு சுற்று சுற்றினார்கள், காலடிச் சத்தமே கேட்கவில்லை. சட்டென்று இரண்டு கைகளும் போய் வந்தன. சன்னாசியின் கன்னத்தில் பளிச்சென்று நான்கு விரல் தடம்.

"பட்டிருச்சு! நான் தோத்துட்டேன்!" என்று சன்னாசி குதித்தான். தோற்றதற்கு இப்படிக் குதித்தவனைப் புந்தோங் அதுவரை பார்த்ததில்லை. நல்லம்மாள் கைதட்டினாள். மாயாண்டிகூட, "சரி லா, மாலையப் போடுங்க," என்று இறங்கி வந்தார்.

அப்போதுதான் சன்னாசி கண்ணில் அது பட்டது. பத்துமலையின் நீலச் சட்டையில், பாக்கெட்டுக்குக் கீழே இரண்டு விரல் அளவு வெள்ளை. வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. ஒரே எட்டில் பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தான். பிடித்த பிடியில் தன் தோளில் கிடந்த துண்டால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தான்.

பத்துமலை அவன் காதோரம் சொன்னார்: "உன் கைதான்டா முந்துச்சு."

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பிடியை விடாமல், துண்டால் இன்னொரு தடவை துடைத்தான்.

"எது முந்துச்சு? ஒண்ணும் படலண்ணே," என்றவன், கடைப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "அக்கா, மாலையப் பெருசாக் கட்டச் சொல்லுங்க!"