இருநூற்று நாற்பது வீடுகளில் ஒரு முகம்

முக்பில் அந்தத் தாளை மேசைமேல் வைத்தபோது லோயிஸ் முதலில் பார்த்தது அதன் நான்கு மூலைகளிலும் இருந்த குண்டூசித் துளைகளைத்தான். அதற்குப் பிறகுதான் நூரியாவின் முகம் கண்ணில் பட்டது. தலையில் துளசிக் கொத்து செருகி, வாய் விட்டுச் சிரித்தபடி, முக்காடு இல்லாமல்.

பக்கத்து அறையில், ஆஸ்பத்திரியில் அவளுக்கு உதவியாக வேலை பார்த்த நூரியா குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு தாயிடம், பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் டீத்தண்ணி கொடுத்தால் அது தேயிலை வியாபாரியாகத்தான் வளரும் என்று ஏசுவது கேட்டது.

"இது நீங்க எழுதினதுதானே, ஹக்கீமா?"

அந்த மலையூரில் மிஷன் ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லோரும் ஹக்கீமாதான். லோயிஸ் டாக்டர் இல்லை, பிரசவம் பார்க்கும் நர்ஸ். யேமனுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. முக்பில், நூரியாவின் இறந்துபோன கணவனின் தம்பி. எட்டு வருஷமாக அமெரிக்காவில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் போன வாரம்தான் ஊருக்கு வந்தவன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நடந்ததை நிதானமாகச் சொன்னான். அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் தொழிலாளிகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். இவனோடு இன்னும் ஆறு யேமன்காரர்கள் போவார்கள். ஒருநாள் இடைவேளையில் காபி குடித்துக்கொண்டே சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான். தன் அண்ணியைப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. கையிலிருந்த மச்சத்தையும், மடியில் உட்கார்ந்திருந்த, வீட்டிலிருந்து வந்த படங்களில் பார்த்திருந்த அண்ணன் மகள் இல்ஹாமையும் வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மற்ற ஆறு பேரும் பார்த்தார்கள்.

பாடம் சொல்லிக்கொடுத்த கிழவியிடம் அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மாள் சந்தோஷப்பட்டுத் தானே ஊசிகளைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்காகத் தான் தினமும் ஜெபிப்பதாகவும், ஊருக்குப் போனால் அதை அவளிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாளாம்.

"சொல்லிடறேன்னு சொன்னேன்," என்றான் முக்பில். "பெரியவங்க. மனசு நோகக் கூடாதில்ல."

பிறகு விஷயத்துக்கு வந்தான். நூரியா இரகசியமாகக் கிறிஸ்தவளாகிவிட்டாள், ஞானஸ்நானம் எடுக்க அவளுக்குத் துணிவு கிடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மார்க்கம் மாறின தாயிடம் பிள்ளைகளை எந்தக் குடும்பமும் விட்டுவைக்காது. இல்ஹாமுக்கு ஒன்பது வயது, பஷீருக்கு ஆறு. இரண்டு பேரையும் காலையில் நூரியா வேலைக்குக் கிளம்பினதுமே தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஊர்த் தலைவர் ஷேக் நாஜி வீட்டில் பேச்சு.

"எழுதினது நிஜம்னா பிள்ளைங்க எங்களோட. பொய்னா, அதை நீங்களே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அண்ணியே வந்து இல்லைன்னு சொன்னா யாரு நம்புவா? பிள்ளைக்காகச் சொல்றாங்கம்பாங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெபக் கடிதம் எழுதுவது மிஷனில் எல்லோருக்கும் கடமை. அமெரிக்காவுக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்தனுப்பினால், அங்கே சபையின் காரியதரிசி நகல் எடுத்து வீடுவீடாக அனுப்புவாள். அதற்கு விதிகள் உண்டு. ஊரின் பேர் எழுதக் கூடாது. ஆட்களுக்கு முதல் எழுத்து மட்டும். படம் போட்டால் முதுகுப் பக்கம். லோயிஸின் கடிதங்கள் இருநூற்று நாற்பது வீடுகளுக்குப் போயின. பதினெட்டு வருஷம் அவள் விதியை மீறியதில்லை. மீற எதுவும் இருக்கவும் இல்லை. எழுதுவதற்கு இருந்ததெல்லாம் பிரசவங்களும் தண்ணீர்ப் பஞ்சமும்தான்.

விடுமுறையில் போகும்போது சபைகளில் படம் போட்டுக் காட்டிப் பேசுவாள். ஒருமுறை பேசி முடித்த பிறகு ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார், "இதுவரைக்கும் எத்தனை பேர்மா?" ஆயிரக்கணக்கில் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் கேட்டது பிறந்த குழந்தைகளை அல்ல, மதம் மாறினவர்களை என்று புரிந்து நிறுத்திக்கொண்டாள். ஒருவரும் இல்லை என்று சொன்னபோது அவர் கையை விடவில்லை, தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல்தான் அவளோடு யேமனுக்குத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது, அறுவைக் கையுறை போடும்போது, நேரம் காலம் இல்லாமல் அது புறங்கையில் உறைத்துக்கொண்டே இருந்தது.

பஷீருக்கு நிமோனியா வந்து மூன்று நாள் கிடந்தபோது லோயிஸ் அவன் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தாள். பிழைத்தான். நூரியா தேன் ஊற்றின அடுக்கு ரொட்டி செய்து எடுத்துவந்து, "நீங்க கேட்டதை ஈஸா நபி அல்லாகிட்ட எடுத்துச் சொல்லிட்டாரு போல, அக்கா," என்றாள். அண்டை வீட்டுக்காரனின் உறவுக்காரர் அதிகாரியிடம் சிபாரிசு பண்ணினதற்கு நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னாள். லோயிஸ் அதைக் கடிதத்தில் எழுதும்போது ஈஸா இயேசுவானார், நபி போனது. அடுத்த வரியில் அல்லாவும் போனது. 'இயேசு கேட்டார் என்று அறிக்கை செய்தாள்' என்று மட்டும் மிஞ்சியது. அதைப் படித்துப் பார்த்தபோது பொய்யாகவே தோன்றவில்லை. வார்த்தைகளைச் சுருக்கியது மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஞானஸ்நானத்தைச் சேர்த்தாள். கை எழுதியது.

படத்தை நூரியாவின் மாடியில் ஒரு மத்தியானம் எடுத்தாள். பெண்கள் மட்டும் கூடியிருந்த நேரம். நாற்பத்தைந்து வயதாகியும் ஒரு கிழவன்கூடக் கேட்கவில்லையா, நம் ஊரில் பல்லில்லாத ஆள் ஒருவர் இருக்கிறார், பேசி முடிக்கவா என்று லோயிஸைச் சீண்டிவிட்டு எல்லாரையும்விட நூரியாவே அதிகம் சிரித்தாள். லோயிஸ் காமிராவை எடுத்தாள். "உங்க கண்ணுக்கு மட்டும்தான் அக்கா," என்றாள் நூரியா, சிரிப்பு அடங்காமலேயே. லோயிஸ் தலையாட்டினாள். ஆறு மாதம் கழித்து, ஒரு முகம் இருந்தால் ஜனங்கள் ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துத் திறக்கும்போதெல்லாம் ஜெபிக்க ஏதுவாக இருக்கும் என்று காரியதரிசி எழுதினாள். லோயிஸ் அனுப்பினாள். கொடுத்த வாக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கண்களை அவள் கண்களாகவே எண்ணியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் டாக்டர் வெர்னன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். போகவேண்டாம் என்றார். சுகாதார அதிகாரியிடம் தான் பேசுவதாகவும், கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்றும் சொன்னார். இவள் ஒரு கடிதம் பொய் என்று ஒப்புக்கொண்டால் இங்கிருந்து போன எல்லாருடைய கடிதமும் பொய் என்றாகும். முப்பது வருஷ ஊழியம்.

"அதுவுமில்லாம, அவ விசுவாசிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ எழுதினதே நிஜமா இருந்தா?"

"பிள்ளைங்க போயிடும், டாக்டர்."

"சிலுவை யாருக்கும் லேசா இருந்ததில்லை, லோயிஸ்." பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

அவரை வெறுக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே அவளே அதற்கு ஒருகணம் ஆசைப்பட்டிருந்தாள். முக்பில் போன கையோடு, பக்கத்து அறையில் நூரியாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தபோதே. ஷேக்கின் முன்னால் நூரியா நிமிர்ந்து நின்று, ஆமாம், நிஜம்தான் என்று சொல்வதாக ஒரு காட்சி வந்தது. அதோடு அடுத்த கடிதத்தின் முதல் வரியும் வந்தது. அழகான வரி. இழந்த பிள்ளைகளைப் பற்றிய வரி. தனக்குள் இப்படி ஒருத்தி மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று லோயிஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்குப் பயந்துதான் வெள்ளிக்கிழமை போனாள். நேர்மையால் போனேன் என்று பிற்பாடு ஒருபோதும் சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

ஷேக் நாஜியின் மேல்மாடி அறையில் இருபது ஆண்கள் இருந்தார்கள். கன்னத்தில் காத் இலை அடக்கிச் சாய்ந்திருந்தார்கள். லோயிஸுக்குக் கதவோரம் ஒரு திண்டு போட்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டில், மற்றப் பெண்களோடு நூரியா கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தாள். ஏறி வரும்போது லோயிஸ் அவளைக் கடந்துதான் வந்தாள். நூரியா தன் அங்கியை ஒதுக்கி வழி விட்டாள். அவ்வளவுதான்.

ஷேக்கின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் லோயிஸின் கையில் பிறந்தவர்கள். அவர் அதை முதலில் சொல்லி அவளை வாழ்த்தினார். பிறகு தாளை நீட்டி இதில் இருப்பது நிஜமா என்று கேட்டார்.

"பொய்," என்றாள். "நூரியா அப்படி எதுவும் சொன்னதில்லை. நானே இட்டுக்கட்டினது."

"எதுக்கும்மா?"

அவள் இதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. "என்னை அனுப்பினவங்க ரொம்ப வருஷமா காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க சந்தோஷப்படணும்னு."

மூலையில் ஒரு கிழவர் சிரித்தார். "நம்ம பையன் சவூதியிலேருந்து மேஸ்திரி ஆயிட்டேன்னு எழுதறான். போய்ப் பார்த்தா மண்ணு சுமக்கறான். அதே கதைதான்." அறை முழுக்கச் சிரித்தது. ஷேக்கும் சிரித்தார். லோயிஸின் பத்தொன்பது வருஷம் அந்தச் சிரிப்பில் அவர்களுக்குப் புரிந்துபோனது. அவளை மன்னிப்பது அவர்களுக்குக் கஷ்டமாகவே இல்லை.

முக்பில் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தான்.

"எழுத்து பொய். ஒத்துக்கறேன். முகம்?"

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தரைக்குத் தாழ்த்தினார்கள். தாள் படம் மேலாக ஷேக்கின் மடியில் கிடந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

தீர்ப்பு நியாயமானதுதான். பிள்ளைகள் இன்றைக்கே தாயிடம் திரும்புவார்கள். தாய் இனி ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது. முக்பில் அண்ணன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. கதவுக்கு வெளியே ஒரு கிழவியின் மூலம் நூரியாவிடம் கேட்டார்கள். சம்மதம் என்று பதில் வந்தது. தாளைத் தணலில் போட்டார்கள். வயிற்றில் குறுக்கே கிடக்கும் பிள்ளையை வெறும் கையால் திருப்பத் தெரிந்தவள் அந்த மலையில் நூரியா ஒருத்திதான். அதை யாரும் அங்கே பேசவில்லை. லோயிஸுக்கும் அதைப் பேச உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து படத்தின் நெகட்டிவை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நூரியாவின் வீட்டுக்குப் போனாள். அதற்குள் லோயிஸை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப மிஷனில் முடிவாகியிருந்தது. உடல்நிலை கருதி என்று எழுதியிருந்தார்கள். அதுவும் ஒரு கடிதம்.

வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்துவது அந்த ஊரில் நடக்காத காரியம். நூரியா மேலே கூட்டிப்போய் மெத்தையில் உட்காரவைத்து, காபித் தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்த கிஷ்ரை ஊற்றினாள். கீழே பஷீர் யாரோடோ பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நூரியா உறையை வாங்கி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்கு அனுப்பினீங்க, ஹக்கீமா?"

"இருநூத்தி நாப்பது வீடு."

"நம்ம ஊர்லயே அவ்வளவு வீடு கிடையாது." கொஞ்சம் யோசித்தாள். "ஆம்பளைங்களும் பார்ப்பாங்க இல்ல?"

"பார்ப்பாங்க."

"பார்த்துட்டு என்ன கேப்பாங்க அல்லாகிட்ட?"

உன் சுகத்துக்காக என்று சொல்லியிருக்கலாம். நூரியா நம்பியிருப்பாள். நம்ப விரும்பித்தான் கேட்டாள்.

"நீ எங்க மார்க்கத்துக்கு வரணும்னு."

"நீங்களுமா?"

"தினமும்."

"எப்போலேருந்து?"

"உன்னை முதல்ல பார்த்த நாள்லேருந்து."

நூரியா நெகட்டிவைக் கீழே வைத்தாள். அவள் ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்க்கிறாள் என்று லோயிஸுக்குத் தெரிந்தது. கெஞ்சி நிறுத்தத் தோன்றியது.

"என் புருஷன் செத்தப்போ நாப்பது நாளு என்கூடத் தரையில படுத்தீங்களே. அப்பவும்?"

"அப்பவும்."

"பஷீர் நெஞ்சுல கை வெச்சுக் கேட்டீங்களே?"

"அவன் பிழைக்கணும்னுதான் கேட்டேன்." வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அதோட இதையும் சேர்த்துக் கேட்டேன்."

நூரியா அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், கர்ப்பிணியின் வயிற்றில் கை வைத்து உள்ளே கிடப்பது எந்தப் பக்கம் தலை என்று பார்க்கிற அதே பார்வை.

"முகத்தை ஊருக்குக் காட்டினீங்க. அதை மறந்திடுவேன்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகும். ஆனா மறந்திடுவேன்னுதான் நெனச்சேன். இப்ப நீங்க சொல்றதைப் பார்த்தா, என்கூட இருந்தது யாருன்னே எனக்குத் தெரியல."

பதில் சொல்ல லோயிஸ் வாயெடுத்தாள். உன்மேல் அன்பு இருந்தது, அதனால்தான் கேட்டேன் என்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை எத்தனை சபைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். இந்த அறையில் அது தானாகவே வாயில் வந்து நின்றபோது, உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

நூரியா நெகட்டிவைத் தணலில் இட்டாள். கருகிச் சுருண்டு கெட்ட வாடை எழுந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சமைக்கணும் என்றாள். வாசல்படிவரை வந்து, போகிற இடத்தில் நல்லபடியாக இருங்கள் என்று முறைப்படி வழியனுப்பினாள்.

படிக்கட்டு செங்குத்தானது, இருட்டானது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இந்த வீட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் நூரியாவுக்காக ஜெபிப்பது அவள் வழக்கம். பாதிப் படி வந்த பிறகுதான் உதடுகள் அசைந்துகொண்டிருப்பதை உணர்ந்தாள். கேட்டுக்கொண்டிருந்தது அதே பழைய வேண்டுதலைத்தான்.