சம்பந்தியம்மா முதலில்

வீடியோ கம்பெனியில் வேலை பார்ப்பவனெல்லாம் வீடியோ எடுப்பவன் என்று நினைத்தது மாமனாரின் தப்பு. அதைத் திருத்தாமல் விட்டது மாப்பிள்ளையின் தப்பு. எந்தக் கேமரா எந்த வண்டியில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவதுதான் அங்கே அவனுக்கு வேலை. கேமராவின் மூடியைக்கூட அவன் கழற்றியதில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது "பையனுக்கு வீடியோ லைன்" என்று யாரோ அளந்துவிட, அவனும் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தான். அந்தத் தலையாட்டல் இப்போது திரும்பி வந்து கழுத்தைப் பிடித்தது.

அவன் அத்தை என்று கூப்பிடும் மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். வாசலில் நின்றபடி நோயாளியிடம் நலம் விசாரிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கட்டில் வரைக்கும் போய், குனிந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். வீட்டிலும் அப்படித்தான், உப்பு டப்பாவைக்கூடக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அவருக்கு ஓய்வு. காலை டியூட்டி முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எல்லோருமாகச் சாப்பாடு, பிறகு கூடத்து டிவியில் ஒரு வீடியோ. சொந்தக்காரர்களும் கூட வேலை பார்த்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பேசி அனுப்புவார்கள், அதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இது மாமனாரின் திட்டம்.

"சேர்க்கிற வேலை நம்ம மாப்பிள்ளையோடது. அவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றார் மாமனார், எல்லோர் முன்னாலும்.

"அதுக்கென்ன மாமா. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்ட வேண்டியதுதானே" என்றான் மாப்பிள்ளை. சும்மா இருந்திருக்கலாம்.

அவன் மனைவி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அதைவிட மோசமாக, பத்திரமாக வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி அறையில் அவளுடைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். வந்த வீடியோக்களில் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், புதுக் கேமராவில் எடுத்து அனுப்பிய வீடியோ இறங்குவதற்குள் அவன் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான். மனைவியின் அக்கா போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி நர்சுகள் ஆறு பேர் ஒரே போனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக அவனுடைய அம்மா.

அம்மாவிடம் இருந்தது ஆதி காலத்துப் போன். அவன் வாங்கிக் கொடுத்த புதுப் போனை, கீறல் விழுந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டு, பழைய போனை ஜன்னலில் சாய்த்துவைத்துத் தானே பேசி எடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் மூலமாக அனுப்பியிருந்தாள். மற்ற வீடியோக்களுக்கு நடுவே அது தீப்பெட்டி அளவுக்கு இருந்தது.

"யார் பின்னாடி யார் வரணும் மாமா?" என்று கீழே இறங்கிப் போய்க் கேட்டான்.

"இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? சம்பந்தியம்மா முதல்ல. அதுதான் மரியாதை. அப்புறம் வயசுப்படி போடுங்க" என்றார் மாமனார். அந்த வீட்டில் காலை பேப்பர்கூட வயசுப்படிதான் கை மாறும்.

அப்படியே அடுக்கி, ஒட்டி, ஒரு பைலாக எடுத்து, அத்தை வருவதற்கு முன் ஒத்திகை மாதிரி டிவியில் போட்டார்கள். அம்மா கொஞ்சம் கலங்கலாக வந்தாள், பழைய போன்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து வந்த எல்லோரும் கலங்கிப்போய் வந்தார்கள். சகலையின் முகம் குளியலறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் மாதிரி இருந்தது. மூக்கு எங்கே முடிந்து மீசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

"என் கேமராவுல ஒரு இலையை எடுத்தா அதுல இருக்கிற நரம்பு தெரியும் சகலை. இங்க எனக்கு கண்ணே தெரியல" என்றார் சகலை, நேரிலும் முகம் கலங்கியவராக.

"அதை விடுங்க. இவ ஏன் கதவிடுக்குல நின்னு பேசுறா?" என்று மாமனார் மூத்த மகளைக் காட்டிக் கேட்டார். நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவின் இரண்டு பக்கமும் கறுப்பாக நின்றது.

"இது சும்மா டெஸ்டிங் மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

அரை மணி நேரம் அங்கே இங்கே தட்டிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அந்த எடிட்டிங் ஆப், முதலில் வைக்கிற வீடியோ என்ன ரெசல்யூஷனோ அதையே மொத்தத்துக்கும் அளவாக எடுத்துக்கொள்கிறது. அம்மாவை மரியாதைக்கு முதலில் வைத்தான், சபையே அம்மா அளவுக்குச் சுருங்கிவிட்டது. சரி, சகலையை முதலில் வைப்போம் என்று மாற்றிப் பார்த்தான். சகலையின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. ஆனால் அம்மாவைத் திரை முழுக்க இழுத்துப் பரப்பியதில், அவள் முகம் தரைக்குப் பதித்த ஓடு மாதிரி கட்டம் கட்டமாகப் போய்விட்டது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சதுரம் அசைந்தது.

கீழே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை வரும் நேரம். இந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே பெயர் வீடியோ மாப்பிள்ளை, இன்று அதுவும் கப்பலேறப் போகிறது. அம்மா வீடியோ ஒன்றை மட்டும் நீக்கிவிட்டால் மற்றதெல்லாம் அழகாக உட்கார்ந்துவிடும். அனுப்பினாள், வந்து சேரவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? மனசு கேட்கவில்லை. ஆனாலும் அம்மாவின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தான்.

"யாரைக் கழட்டி விடுறீங்க?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"யாரையும் இல்ல. சும்மா பார்த்தேன்."

"உங்கம்மாவைத்தானே? அவங்க பெத்த பிள்ளை இதுக்கு மேல என்னத்தைச் செய்யும்." பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "தள்ளுங்க. நானும் வீடியோ லைன்ல வாக்கப்பட்டவதான்."

அவள் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தாள். மொத்த அளவை நாமே சொல்லிவிடலாம் என்று ஒரு இடத்தில் இருந்தது. காலையிலிருந்து அவன் கண்ணில் படாத இடம். டிவியின் அளவையே அங்கே போட்டாள். சகலை கொஞ்சம் சுருங்கினார், அழகு குறையவில்லை. அக்கா கதவிடுக்கிலேயே நின்றாள், அவளுக்கு வேறு வழியில்லை. அம்மா மறுபடி பெரிதாகி உடைந்தாள்.

"அவங்களை ஏன் இழுக்கிறீங்க? இருக்கிற அளவுல நடுவுல வைங்க. சின்னதா இருந்தா இருந்துட்டுப் போறாங்க, முகம் முகமா இருக்கட்டும்."

அவன் அப்படியே செய்தான். சுற்றிலும் அம்மாவின் சேலை நீலத்தையே நிரப்பினான். அகலமான நீலத்துக்கு நடுவில், சின்னதாக, கண்ணும் மூக்குமாக அம்மா வந்து நின்றாள். முதலில் அவளேதான். பைல் முடிந்த நேரமும் அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிய நேரமும் ஒன்றாக இருந்தன.

சாப்பாடு முடிந்தது. அத்தையை டிவிக்கு எதிரே பெரிய நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாமனார் தொண்டையைச் செருமினார். "நம்ம மாப்பிள்ளை செஞ்சது" என்றார்.

நீலத்துக்கு நடுவே அம்மா வணக்கம் சொன்னாள். "சம்பந்தியம்மா, இனிமேலாவது கொஞ்சம் உட்காருங்க" என்று ஆரம்பித்தாள்.

அத்தை உட்காரவில்லை. எழுந்தார். டிவி வரைக்கும் போய், கட்டிலருகே குனிகிற மாதிரி குனிந்து பார்த்தார். அம்மா முடித்து, கலங்காத சகலை வந்து, நர்சுகள் கும்பலாகக் கத்தி, கடைசி ஆள் முடிக்கும் வரை அத்தை நாற்காலிக்குத் திரும்பவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சகலைகூட அவன் முதுகில் தட்டினார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"முதல்ல வந்ததை மறுபடி போடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. போட்டான். மறுபடி குனிந்து பார்த்தார். "உங்கம்மாவுக்கு இடது கையில என்ன?"

"கையிலயா? ஒண்ணும் இல்லையே அத்தை."

"கல்யாணத்துல ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தானே பேசினாங்க? பக்கத்துல உட்கார்ந்திருந்த என் மேலயே நாலு அடி விழுந்துது. இதுல ஒத்தைக் கையால வணக்கம் சொல்றாங்க. இடது கை முந்தானையை விட்டு வெளியவே வரல."

அவன் பார்த்தான். உண்மைதான். அம்மாவின் கையைக் கட்டிப்போட்டால் பேச்சு நின்றுவிடும் என்று கேலி பேசி வளர்ந்தவன் அவன். காலையிலிருந்து இதே வீடியோவை எத்தனை தடவை ஓடவிட்டான் என்று அவனுக்கே தெரியாது. அளவு எவ்வளவு, கட்டம் தெரிகிறதா, நீலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

போன் போட்டான். "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அத்தை.

"அம்மா, இடது கைக்கு என்ன ஆச்சு?"

"குளிக்கிற இடத்துல வழுக்கிடுச்சுடா. கட்டுப் போட்டிருக்காங்க, சரியாயிடும். நல்ல காரியம் நடக்கிற வீட்டுல எதுக்குச் சொல்லணும்னுதான் வெள்ளையடிக்கிறாங்கன்னு சொல்லி விட்டுட்டேன்." பிறகு குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. "மறைச்சுத்தானே வச்சிருந்தேன். எப்படிடா கண்டுபிடிச்ச?"

கூடமே அவனைப் பார்த்தது. ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும்.

"நான் பார்க்கலம்மா. அத்தைதான் பார்த்தாங்க."

"அதானே" என்றாள் அம்மா. "நீ எங்க வீடியோவைக் கண்ட? ஆபீஸ்ல உட்கார்ந்து வண்டி அனுப்புற பிள்ளை. உன்கிட்டப் போய் இந்த வேலையைக் கொடுத்திருக்காங்களே, சம்பந்தி வீட்டுல வேற ஆளா இல்ல?"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். சகலை மீசையைத் தடவினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளையின் முகத்தில் அசடு வழிந்தது, துடைக்கவும் தெரியவில்லை.

அத்தைதான் பேசினார். "வண்டி அனுப்புறவரா? அப்ப ஒரு வண்டி அனுப்புங்க மாப்பிள்ளை. உங்கம்மா இங்க வரட்டும், கட்டு பிரிக்கிற வரைக்கும் என் கண் முன்னாடி இருக்கட்டும். எனக்கும் நாளையிலேருந்து வேலை இல்ல."

அவன் ஆபீஸ் டிரைவருக்குப் போன் போட்டான். எந்த வண்டி சும்மா நிற்கிறது, எந்த ரோட்டில் குழி கம்மி, அடிபட்ட கையோடு ஒருவர் எந்த சீட்டில் உட்கார்ந்தால் அலுங்காது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வண்டி வாசலுக்கு வந்ததும் முன்சீட்டில் அவனே ஏறி உட்கார்ந்துகொண்டான்.